பொட்டலத்துக்கு அப்புறம்

கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையில் பிரியாணிப் பொட்டலம் கட்டி, நெல்லை ஜங்ஷன் பக்கம் படுத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். நல்ல காரியம்தான். டிசம்பர் 26 ராத்திரி அவர்கள் எங்கே படுப்பார்கள்?

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சியின் மக்கள்தொகை 4.7 லட்சம். அப்போ நாலைந்தாவது வேண்டும். பெண்களுக்குத் தனியாக, ஆதார், ரேஷன் கார்டுக்கு உதவியோடு. மேலப்பாளையம் ஜமாத்தையும் கோயில் அன்னதானக்காரர்களையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம் என்று கமிட்டியில் சொன்னேன்.

"சபைக்கு எதுக்குல அரசியல்?" என்றார் பொருளாளர் அண்ணாச்சி.

"1799-ல முதலூர் கிராமம் எப்படி வந்துச்சு அண்ணாச்சி? கிறிஸ்தவங்களானதுக்காகத் துரத்தப்பட்டவங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேத்தித்தான?" என்றேன். (அந்தப் பெருமையை அவரே எத்தனை அசன விருந்தில் பேசியிருக்கிறார்!)

"பொட்டலத்த நிறுத்தக் கூடாது, பாத்துக்க" என்றார். சரி, நிறுத்தவில்லை. மனுவில் ஐயரம்மா (எங்கள் போதகரின் மனைவி) முதல் கையெழுத்துப் போட்டார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறோம்.