விழுந்தாலா, விழுந்தால்தானா

கனடாவில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். அங்குள்ள ஆங்கிலவழிச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை எல்சாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கின்றன. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தத் தேர்வில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25 கேள்விகள். பகலில் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவில் இதோடு உட்காருகிறேன். எனக்குத் திரும்பத் திரும்பத் தவறியவை கொள்கைக் கேள்விகள்.

அவற்றில் ஒரு வகை, பொதுவான ஒரு விதியைக் கொடுத்து, எந்த முடிவு அதற்குப் பொருந்துகிறது என்று கேட்கும். இன்னொரு வகை, ஒருவரின் வாதத்தைக் கொடுத்து, எந்த விதி அதைத் தாங்கும் என்று கேட்கும். முதல் வகையில்தான் நான் அதிகம் விழுந்தேன். அந்த மாதிரியில் நானே எழுதிப் பார்த்த ஒரு கேள்வி இது:

விதி: வாக்குத் தவறியவரை, முன்கூட்டியே அறிய முடியாத ஒன்று தடுத்திருந்தால்தான் மன்னிக்கலாம்.

ஒரு விடையில் லாரிக்காரர் ஒருவர் சாயங்காலத்துக்குள் பழத்தை ஆலையில் சேர்ப்பதாகச் சொல்கிறார். பிரேக் பழுது என்று அவருக்கு ஒரு வாரமாகவே தெரியும், அதனால்தான் லாரி நின்றது. அவருடைய மகளோ ஆஸ்பத்திரியில். முடிவு: மன்னிக்கக் கூடாது. இன்னொரு விடையில், யாரும் எதிர்பாராத வெள்ளம் பாதையை அடித்துப் போகிறது. முடிவு: மன்னிக்க வேண்டும்.

இப்படி இரண்டு விடைகள் வந்தால் நான் வெள்ளத்தைத்தான் எடுப்பேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு மனிதரை மன்னிக்கக் கூடாது என்று எழுத எனக்குக் கை வராது.

அப்பா, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவராக, இருந்தவர். ஒரு சனிக்கிழமை, தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தவரிடம் இந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"பிரேக் கெட்டது அவனுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்பா. ஆனா மக ஆஸ்பத்திரியில..."

"அது விதியில இருக்காம்மா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அதை உள்ள கொண்டாற?"

சரி, அப்படியானால் வெள்ளத்தில் மாட்டியவரையாவது மன்னிக்க வேண்டும்தானே என்றேன். அதற்கும் தலையாட்டி மறுத்தார். "உதிரிப் பழம் கீழ விழுந்தாத்தான் குலையை வெட்டணும்னு, காலைல ஆளுங்க கூடுற பெரட்டுல சொல்லுவோம். விழலைன்னா வெட்டக் கூடாது, அவ்வளவுதான். அதுக்காக உதிரி கெடக்குற மரமெல்லாம் இன்னிக்கே வெட்டுன்னு அர்த்தமில்ல. இன்னிக்கு எந்தப் பிளாக்குன்னு வேற உத்தரவு வரும்."

எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அந்த விதியின் முழுப் பலமும் 'தான்' என்ற ஒட்டில் இருக்கிறது. 'விழுந்தால் வெட்டு' என்றால், விழுந்த குலையை வெட்டியே ஆக வேண்டும். விழாததைப் பற்றி அந்த விதி வாயே திறக்கவில்லை. 'விழுந்தால்தான் வெட்டு' என்றால், விழாததை வெட்டக் கூடாது; விழுந்ததை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. 'தான்' உள்ள விதியை வைத்து 'கூடாது' என்று நிறுவலாம், 'செய்' என்று நிறுவ முடியாது. வெள்ளத்துக்காரருக்கு மன்னிப்பு கிடைக்கலாம், ஆனால் இந்த விதி அதை வாங்கித் தராது. லாரிக்காரர் விடைதான் சரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு விதியையும் முதலில் மனதுக்குள் தமிழாக்குகிறேன். ஆங்கிலத்தில் வெறும் 'இஃப்' வந்தால் 'ஆல்', 'ஒன்லி இஃப்' வந்தால் 'ஆல்தான்'. 'அன்லெஸ்'தான் என்னை அதிகம் ஏமாற்றியது. அதைத் தமிழில் 'ஒழிய' என்று வைத்துக்கொண்டேன்: 'உதிரி விழுந்திருந்தாலொழிய வெட்டாதே' என்பதும் 'விழுந்தால்தான் வெட்டு' என்பதும் ஒன்றே. பிறகு விடைகளைப் பார்க்கும்போது இரண்டே கேள்விகள்: விதி கேட்கும் நிபந்தனை இந்தக் கதையில் இருக்கிறதா? முடிவு விதி காட்டும் திசையில் போகிறதா? ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளை நான் மறந்துவிடவில்லை. அவளுக்காக வாதாட வேண்டிய இடம் வேறு, அதற்குத்தான் சட்டம் படிக்கப் போகிறேன்.

இரண்டாவது வகையில் எனக்கிருந்த பயம் வேறு. 'எப்போதும்', 'எவரும்' என்று அழுத்தமாகப் பேசும் விடைகளைக் கண்டாலே ஒதுக்கிவிடுவேன். வாதத்தைத் தாங்கச் சொல்லும் கேள்வியில் அது தப்பு. விதி எவ்வளவு பரந்திருந்தாலும் அந்தக் கதை அதற்குள் அடங்கினால் போதும். ஆனால் வாதம் 'செய்வது நியாயம்' என்று முடிந்து, விதி 'செய்வது சட்டப்படி சரி' என்று பேசினால் அது தாங்காது. அந்தச் சொல் மாற்றத்தை விரல் வைத்துப் படித்துத்தான் பிடிக்கிறேன்.

ஒரு கதையைக் கொடுத்து, அதே விதி ஓடும் வேறு கதையைத் தேடச் சொல்லும் கேள்விகள் இன்னும் என்னைத் தாமதப்படுத்துகின்றன. ஐந்து விடைகளும் ஐந்து கதைகள். அவற்றைப் பகுதியின் கடைசிக்குத் தள்ளுகிறேன். எல்லாக் கேள்விக்கும் மதிப்பு ஒன்றுதான், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. இந்த ஞாயிறு அப்படி ஒரு கேள்வியின் ஐந்து கதைகளையும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் உட்காரப் போகிறேன்.