ஆஸ்ட்ரோசாட் தரவோடு முனைவர் பட்டம்: மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு என் அனுபவம்

முதுநிலை இயற்பியலில் சேர்ந்த புதிதில், விண்வெளி வானியலில் ஆய்வு செய்ய ஆசை என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "அதற்கு ஐ.ஐ.டி.யில் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாடு போக வேண்டும்." நான் படித்தது மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில். துறையில் இருந்த ஒரே தொலைநோக்கி அலமாரிக்குள் உறை போட்டுப் பூட்டிக் கிடந்தது. அந்தப் பதிலை நானும் நம்பினேன். இன்று அதே போன்றதொரு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே, கருந்துளை ஒன்றைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். தயக்கத்தில் நான் இழந்த இரண்டு ஆண்டுகளை எனக்குப் பின்னால் வருகிறவர்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எக்ஸ் கதிர் வானியலில் யாரும் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பதில்லை. வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுகிறது. எவ்வளவு உயரமான மலையில் ஏறினாலும் பயனில்லை. கருவியை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். அப்படி அனுப்பிய பிறகு, பெரிய ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியருக்கும் நமக்கும் கிடைப்பது ஒரே கோப்புதான். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட், பூமிக்கு 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி அனுப்பும் தரவு, பெங்களூரு அருகே இஸ்ரோ நடத்தும் விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் சேர்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்மொழிவு அனுப்பி, செயற்கைக்கோளில் நேரம் வாங்கியவருக்குக் குறிப்பிட்ட காலம் வரை முன்னுரிமை உண்டு. அதன் பிறகு அது பொதுச்சொத்து. 2018 முதல் ஒரு கணக்கைப் பதிவு செய்துகொண்டு எவரும் அதை எடுக்கலாம், கட்டணமில்லை.

நான் முதலில் எடுத்தது லாக்ஸ்பிசி கருவியின் கோப்பு. ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் வந்து சேரும் நேரத்தை 10 மைக்ரோ விநாடி நுட்பத்தில் குறித்து வைக்கும் கருவி அது. விடுதி இணையத்தில் கோப்பு இறங்க ஓர் இரவு முழுவதும் ஆனது. காலையில் நேரத்துக்கு எதிராக எண்ணிக்கையை வரைந்து பார்த்தேன். நடுநடுவே வெற்றிடம்! பல் விழுந்த சீப்பு போல இருந்தது. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மறுபடி இறக்கினேன். மூன்றிலும் அதே வெற்றிடம். நெறியாளரிடம் போய் நின்றேன். அவர் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஒரு வெற்றிடம் தொடங்கும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று அளந்து பார்த்தாயா, அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அளந்தேன். ஏறத்தாழ 98 நிமிடம். செயற்கைக்கோள் பூமியை ஒரு முறை சுற்றும் நேரம் அது. ஒவ்வொரு சுற்றிலும் பூமியே குறுக்கே வந்து நான் பார்க்கும் விண்மீனை மறைத்திருக்கிறது. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே மின்துகள்கள் அடர்ந்த பகுதியைக் கடக்கும்போதும் தரவு நின்றுவிடும். என் மேசை மீது இருந்த அந்தப் படத்தில் பூமியின் நிழல் விழுந்திருக்கிறது என்று புரிந்த அந்தக் காலையில்தான் இந்தத் துறையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இனித் தேர்வுகள். ஆய்வு உதவித்தொகைக்கான வழக்கமான வழி சி.எஸ்.ஐ.ஆர். நெட். மொத்தம் 200 மதிப்பெண், 3 மணி நேரம். மூன்றாம் பகுதியில் 30 வினாக்கள் இருக்கும். 20 எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண், தவறினால் கால் பங்கு போய்விடும். முதல் முறை 20-ஐயும் எழுதி முடிக்க வேண்டும் என்ற வெறியில் எழுதினேன், தேறவில்லை. இரண்டாம் முறை அந்தப் பகுதியில் 11 மட்டும் எழுதினேன், ஆனால் ஒவ்வொன்றையும் முழுமையாகக் கணக்கிட்டு. உதவித்தொகையோடு தேறினேன். வானியல் பாடத்துக்கென்று தனியாகப் படிக்காதீர்கள். குவாண்டம் இயக்கவியலும் மின்காந்தவியலும் வெப்ப இயற்பியலும் கைவசம் இருந்தால் வானியல் பின்னால் தானாக வரும். ஜெஸ்ட் தேர்வையும் கட்டாயம் எழுதுங்கள். வானியல் ஆய்வு நிறுவனங்கள் பலவற்றுக்கு அதுவே வாசல்.

நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை வெளியிடும் வாயு எவ்வளவு சூடாக இருக்கும்?" ஆற்றலைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் விடை ஏறத்தாழ 1.16 கோடி கெல்வின். அதைச் சொல்லிவிட்டேன். அடுத்து, "அவ்வளவு சூடான கரும்பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தருமா?" என்றார்கள். கரும்பொருள் என்றால், விழும் ஒளி முழுவதையும் விழுங்கி, தன் சூட்டால் மட்டுமே ஒளிரும் பொருள். தராது என்றேன். கரும்பலகையில் இரண்டு வெப்பநிலைகளுக்குப் பிளாங்க் வளைவை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வரும் என்ற படத்தை, வரையச் சொன்னார்கள். சூடு கூடக் கூட எல்லா அலைநீளத்திலும் ஒளி கூடத்தான் செய்கிறது என்பது வரைந்து முடிக்கும்போது என் கண்முன்னே நின்றது. தவறான விடை சொன்ன பிறகும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே சாக்பீஸைக் கையில் எடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரையப் பழகுங்கள். நண்பர்கள் இருவரை எதிரில் உட்கார வைத்துப் பழகினால் போதும்.

அரசு உதவியைப் பற்றிப் பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. நான் படித்த காலத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. என் இளநிலை வகுப்பில் தகுதி இருந்த இருவர் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் நல்ல ஆய்வுக்கூடத்தில் இருந்து வரலாம்.

எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானது புணேயில் உள்ள அயூக்கா என்ற வானியல் மையம். பல்கலைக்கழக மானியக் குழு 1988-இல் தொடங்கியது; முதல் இயக்குநர் ஜெயந்த் நார்லிகர். தொலைநோக்கியோ பெரிய கணினியோ வாங்க வசதியில்லாத பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து தங்கி ஆய்வு செய்ய வேண்டும் என்பதற்காகவே எழுந்த நிறுவனம் அது. ஆஸ்ட்ரோசாட் தரவைக் கையாள உதவும் குழுவும் அங்கேதான் இருக்கிறது. என் நெறியாளரோடு அங்கே தங்கியிருந்த மூன்று வாரத்தில் நான் கற்றது, தனியாக ஓராண்டு முட்டி மோதிக் கற்றதைவிட அதிகம். உங்கள் துறையில் அயூக்காவோடு தொடர்புள்ள ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்வதற்கு முன்பே விசாரியுங்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

பணம் நேரத்துக்கு வராது. அதற்கும் ஆயத்தமாக இருங்கள். நான் சேர்ந்தபோது மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் 37,000 ஆக உயர்ந்தது. தாளில் நல்ல தொகைதான். ஆனால் முதல் தவணை என் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு நின்றிருந்தது. அந்த ஏழு மாதமும் விடுதிக் கட்டணத்தை அம்மா நகையை அடகு வைத்துக் கட்டினார். சேர்ந்த அறிக்கை, வங்கி விவரம், மாத வருகைச் சான்று எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 178 கோடி ரூபாயில் உருவான செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட். அந்தச் செலவை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அது அனுப்பும் தரவைப் படிக்கச் சொல்லித்தர மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்களும், அதைச் சேமிக்க ஒரு நல்ல கணினியும் இல்லாவிட்டால் போட்ட காசின் பாதிப் பயன் வீணாகிறது. பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பணம் தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டமும், துறைகளுக்குக் கருவி வாங்க உதவும் ஃபிஸ்ட் திட்டமும் இருக்கின்றன. உங்கள் ஆசிரியர் விண்ணப்பம் எழுதும்போது கூடவே உட்கார்ந்து எழுதுங்கள். எங்கள் துறையின் கணினி அப்படித்தான் வந்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஜி.ஆர்.எஸ். 1915+105. கழுகு விண்மீன் குழுவில், சூரியனைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு நிறையுள்ள கருந்துளை. 2018-க்குப் பிறகு எக்ஸ் கதிரில் மங்கிவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய கோப்பாக எடுங்கள். லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியும், நாசா இலவசமாகத் தரும் ஹீசாஃப்ட் மென்பொருளும், லாக்ஸ்பிசி தரவுக்கென்று உள்ள தனி மென்பொருளும் போதும். முதலில் நேரப் படத்தை வரைந்து வெற்றிடங்களை அளந்து பாருங்கள். பிறகு ஃபூரியே மாற்றம் (எந்தத் துடிப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்து, விநாடிக்கு 67 முதல் 72 முறை வரையிலான இடத்தைப் பாருங்கள். எல்லாக் கோப்பிலும் தெரியாது. எனக்கு ஒன்பதாவது கோப்பில், இரவு இரண்டு மணிக்கு, ஒரு சிறு மேடு எழுந்தது. கருந்துளையின் விளிம்பை ஒட்டிச் சுழலும் வாயுவின் துடிப்பு அது. விடியும் வரை காத்திருந்து நெறியாளரின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.