அடுப்படியில் காய்ந்த தப்பு

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடொன்றில், மகளிர் குழுவாக ஒன்பது பேர் சேர்ந்து ஒரு காப்பிக் கடை நடத்துகிறோம். பால் காய்ச்சுவதும் டிகாக்‌ஷன் இறக்குவதும் என் பொறுப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, முற்றத்தைச் சுற்றிப் பெஞ்சுகளைப் போட்டு, சுற்றுவட்டாரத்துப் பாட்டுக்காரர்களை அழைத்துப் பாட வைக்கிறோம். மைக்செட் வைப்பதில்லை. தொடக்கத்தில் அதற்கு வாடகை கொடுக்கப் பணம் இல்லாததால் அப்படிச் செய்தோம். இப்போது பணம் இருந்தாலும் யாரும் அதைக் கேட்பதில்லை.

வெறும் குரலை நம்பி ஒரு மாலையை நடத்தினால், காப்பிக் கடையின் ஓசைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியவை என்பது தெரிந்துவிடும். டவராவைக் கல் மேடையில் வைக்கும் சத்தம், காப்பியைத் தூக்கி ஆற்றும்போது எழும் சலசலப்பு, சில்லறை டப்பா, மின்விசிறியின் கிறீச்சொலி என எல்லாம் பாட்டுக்கு எதிராக நிற்கும். முதல் மாலையில் ஒரு தாலாட்டு இந்த இரைச்சலில் கரைந்து போனதைப் பார்த்த பிறகு, வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டோம். பொடியை மதியமே அரைத்து வைத்துவிடுவோம். பித்தளை ஃபில்டரில் கெட்டி டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கு நேரம் பிடிக்கும் என்பதாலும், அவசரப்பட்டு ஃபில்டரைத் தட்டினால் பொடி சேர்ந்து இறங்கிக் கலங்கிவிடும் என்பதாலும், ஐந்து மணிக்கெல்லாம் எல்லா ஃபில்டர்களிலும் வெந்நீர் ஊற்றியிருப்போம். பாட்டு தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு சுற்றுக் காப்பி போய்விடும். அதன்பின் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மட்டுமே காப்பி ஆற்றுவோம். குடித்து வைத்த டம்ளர்களை, அடியில் துணி விரித்த தொட்டியில் ஒவ்வொன்றாக இறக்குவோம். கேட்பவர்கள் அமைதியாக இருந்தார்கள் என்று பாடியவர்கள் சொல்லும்போது, அந்த அமைதியில் எங்கள் கைகளின் வேலையும் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சென்ற ஐப்பசிக்கு முன்னால் நடந்த மாதக் கூட்டத்தில், நடவுப் பாட்டோடு தப்பும் வைக்கலாம் என்று நான் சொன்னேன். வேறு ஊர்களில் பறை என்று சொல்வதைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தப்பு என்போம். “சாவுக்கு அடிக்கிறதைக் காப்பிக் கடையில எதுக்குக்கா அடிக்கணும்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வளர்ந்த சொல் வாயில் வந்துவிட்டது. நான் இதற்கு முன் வேலை பார்த்த கடையொன்றைப் பற்றி அப்போதுதான் முதன்முறையாக அவர்களிடம் சொன்னேன். சாவு வீட்டிலிருந்து திரும்பும் தப்புக்காரர்கள் அங்கே வந்தால், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரிலும் அவர்களுக்கு மட்டும் காகிதக் கப்பிலும், அதுவும் வாசலுக்கு வெளியே, டீ கொடுக்கச் சொல்வார்கள். தீண்டாமை பார்த்து உணவகத்துப் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. டெல்டாவின் டீக்கடைகளில், சாதி பார்த்துத் தனி டம்ளர் வைக்கும் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. குவளை போன இடங்களில் சில காகிதக் கப்பை வைத்துக்கொண்டன. அந்தக் கப்புகளை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனவள் நான். சம்பளத்துக்காகச் செய்தேன், மறுக்கவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் வேறு பேச்சு இல்லை. தப்பு வைப்பது என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை மதியத்திலிருந்தே அடைமழை. தப்பு என்பது மூன்று மரத்துண்டுகளை வளையமாகச் சேர்த்த சட்டத்தில், புளியங்கொட்டைப் பசையால் மாட்டுத்தோலை ஒட்டிச் செய்யும் கருவி. ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்துவிடும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால்தான் விறைக்கும். வந்த மூவரில் மூத்தவரான பெரியவர் கொண்டுவந்திருந்த வைக்கோல் கட்டு, பேருந்தை விட்டு இறங்கி வருவதற்குள் நனைந்து போயிற்று. வாசல் திண்ணையில் நின்றபடி அவர் விரலால் தோலைச் சுண்டினார். தொப்பென்று மட்டும் கேட்டது.

“அடுப்படிக்குக் கொண்டாங்கய்யா” என்றேன்.

“உள்ளயாம்மா?” என்று கேட்டுவிட்டு அவர் நிலைப்படியருகே நின்றார். நான் பால் பாத்திரத்தை இறக்கி வைத்த பிறகே உள்ளே வந்தார். கொழுந்துவிட்டு எரியும் விறகு ஆகாது என்று சொல்லி அதை வெளியே இழுக்கச் செய்து, காய்ந்த தென்னோலை இருக்கிறதா என்று கேட்டார். பரணில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஓலைத் தீ மேலெழுந்து பரவிய கணத்தில் தோல் பக்கத்தைத் தீக்கு ஒரு சாண் மேலே பிடித்து, வண்டிச்சக்கரம் போல நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நின்றால் தோல் பொசுங்கிவிடும். கொஞ்சம் சுழற்றுவார், காதருகே கொண்டுபோய் நகத்தால் தட்டுவார், மறுபடியும் தீக்குக் காட்டுவார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, தொப்பென்ற ஒலி மாறி, பித்தளைத் தட்டில் சுண்டினாற்போல டண்ணென்று எழுந்தது. டிகாக்‌ஷன் பதத்தை மணத்தை வைத்தே அறிகிறவள் நான். அவர் தோலின் பதத்தைக் காதால் அறிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, என் தொழிலுக்கு நெருங்கிய உறவுக்காரர் ஒருவரைக் கண்டுகொண்டதாகவே உணர்ந்தேன். மற்ற இரண்டு தப்புகளும் காய்ந்தன. அதன்பின் பால் மறுபடியும் அடுப்பேறியது.

முற்றத்து வீட்டுக்குள் தப்பை முழு வேகத்தில் அடித்தால் காது தாங்காது. பெரியவர் அதை அறிந்து, வலக்கையின் தடித்த அடிக்குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, இடக்கையின் மெல்லிய மூங்கில் சிண்டுக் குச்சியாலேயே முதல் அடவுகளை வாசித்தார். சாவு ஊர்வலத்தில் மட்டுமே தப்பைக் கேட்டிருந்தவர்கள், அது இத்தனை மெல்லப் பேசும் என்பதை அன்று கேட்டார்கள். எதிர்ப்புச் சொன்ன எங்கள் கூட்டாளி கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமல் தூணில் சாய்ந்து நின்றதை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

அடுத்து, பாமணியாற்றுக் கரையிலிருந்து வந்திருந்த நடவுக்காரப் பெரியம்மா பாட எழுந்தார். இரண்டடி பாடினார், நின்றுவிட்டார். “நிமிந்து நின்னா பாட்டு வரல ஆயி, குனிஞ்சு கெடந்தாத்தான் வருது” என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தார். இடக்கையில் நாற்றுமுடி இருப்பது போலப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சிமெண்டுத் தரையில் நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்தபடி பாடத் தொடங்கியதும் குரல் தானாக வந்தது. கை ஊன்றும் இடத்தில் தாளம் விழுந்தது. அவர் ஓரடி எடுக்க, கூட வந்த பெண்கள் அதையே திருப்பிச் சொல்ல, கண்ணி முடியுமிடத்தில் குலவை எழுந்தது. வேலையின் மூச்சிலிருந்து பிறந்த பாட்டை வேலையிலிருந்து பிரித்து மேடையேற்றுவது எவ்வளவு கடினம் என்பதை, எந்த விளக்கமும் இல்லாமல், அந்தக் கை எனக்குக் காட்டியது. அவர் ஊரில் இப்போது பெரும்பாலான வயல்களை இயந்திரம் நடுகிறது. அந்த இரைச்சலில் யார் பாடுவார்கள்? கூலி போனதோடு பாட்டும் போயிற்று என்று அவர் சொன்னபோது, இரண்டையும் ஒரே இழப்பாகவே சொன்னார்.

நடுவில் மழை வலுத்து ஓட்டின்மேல் கொட்டியது. குரல் கேட்கவில்லை. பெரியம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பது பேரும் காத்திருந்தோம். மழை தணிந்ததும் விட்ட அடியிலேயே தொடங்கினார். இம்முறை பெரியவர் தப்பை மடியில் கிடத்தி, விரல்களால் மட்டும் கூடவே வந்தார். யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் கொடுக்கும் தொகையை நாங்கள் முன்கூட்டியே பேசி, ஆளுக்குச் சமமாக, வரவு செலவு நோட்டில் கூலி என்றே எழுதிக் கொடுக்கிறோம். தட்டேந்திப் பணம் சேர்க்கும் வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பால்காரருக்குத் தேதி தவறாமல் பணம் தருகிற கடை, பாட்டுக்காரருக்கு மட்டும் மனம் வந்ததைத் தரக்கூடாது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பின், தப்புக்காரர்களும் நடவுக்காரப் பெண்களும் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். “சர்க்கரை கம்மியாம்மா” என்றார் பெரியவர். இரண்டு மணி நேரமாக ஓசை அடக்கியிருந்த கையால் காப்பியை உயரத் தூக்கி, நுரை பொங்கச் சத்தமாக ஆற்றி, பித்தளை டவரா டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறைக்கென்று காய்ந்த தென்னோலை ஒரு கட்டு பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.