காய்ச்சலுக்கு ஒரு ஓ.பி. சீட்டு

நேற்று காலை பக்கத்து வீட்டு அக்காவோடு எங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அக்கா திருநங்கை. மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். பெண்கள் வரிசையில் நின்றதும் முன்னால் இருந்த அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார். சீட்டு போடுபவர் ஆதாரில் இருந்த பழைய பெயரை ஹாலுக்கே கேட்கிற மாதிரி இரண்டு முறை கூப்பிட்டார். அக்கா எழுந்திருக்கவே இல்லை, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் உள்ளே போனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பது. தொண்டையைப் பார்க்கக்கூட இல்லை!

தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டது, திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டம் மருத்துவ வசதி செய்து தருவது அரசின் பொறுப்பு என்கிறது, அறுவை சிகிச்சைக்கும் ஹார்மோனுக்கும் பெரிய மருத்துவமனையில் வழி இருக்கிறது, எல்லாம் சரி, ஆனால் சளி, சர்க்கரை, பிரஷர் என்று போகிறவர் எங்கே போவார்? டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே.

இனிமேல் மெடிக்கலிலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் அக்கா. இருமல் இன்னும் நிற்கவில்லை. சென்னையில் மரியாதையாகப் பார்க்கிற டாக்டர் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன்.