89-க்குப் பதில் 92

டர்பனில் நான் முதுகலை ஆய்வு செய்த ஆய்வகத்தில், செல் வளர்க்கும் தட்டுகள் இரண்டே நாளில் சிவப்பிலிருந்து மஞ்சளாகிவிடும். வளர்ப்புத் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இருக்கிறது. அமிலம் ஏற ஏற மஞ்சளாகும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுநோய் செல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளும். ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டது இதைத்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருந்த வீட்டு ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம மாரியம்மன் கூழு புளிக்குதே, அந்த மாதிரியா தம்பி?" என்றார். கிட்டத்தட்ட அதேதான், கூழைப் புளிக்க வைப்பது பாக்டீரியா, அவ்வளவே.

செல்லுக்குள் இருக்கும் பொருட்களைப் பிரித்து எடை பார்க்கும் எல்சி-எம்எஸ் கருவியைக் கற்பதுதான் பெரிய பாடு என்று பயந்து போனேன். பாடு அதற்கு முன்பே இருந்தது. முதல் ஐந்து மாதம் டிரிப்சின் என்ற நொதியை விட்டுச் செல்களைத் தட்டிலிருந்து பிரித்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, இரண்டு முறை கழுவி, பிறகுதான் செல்லின் வேலையை நிறுத்தும் மெத்தனாலைச் சேர்த்தேன். கால் மணி நேரம் ஆகும். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியோ சில நொடிகளில் செலவாகி மறுபடி உருவாகிற பொருள். ஒரே நாளில் வளர்த்த மூன்று தட்டுகள் மூன்று விதமான எண் காட்டின. மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நீ செல்லை அளக்கவில்லை, அதைப் படுத்தியபாட்டை அளந்திருக்கிறாய்" என்றார். கோபம் வந்தது. உண்மைதான் என்பதால் இன்னும் கோபம்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். திரவத்தை உறிஞ்சியதும் தட்டு உலர்பனிமேல் போகும். மைனஸ் 80 டிகிரியில் குளிர்ந்த 80 சதவீத மெத்தனால் உடனே விழும். அங்கேயே சுரண்டி எடுப்பேன். கை பழக, ஒரு வாரம் காலித் தட்டுகளை வைத்து ஒத்திகை பார்த்தேன். அறைக்குள் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பிறகு, செல்லுக்குள் எங்கே போகிறது என்று தடம் பார்க்க, ஆறு கார்பனும் வழக்கமான 12-க்குப் பதில் 13 எடை கொண்ட குளுக்கோஸ். அதன் விலையைக் கேட்டாலே கை நடுங்கும். வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சாதாரண சீரத்தில் ஏற்கெனவே குளுக்கோஸ் உண்டு என்பதை மறந்து முதல் தொகுதியை வீணாக்கினேன். டயலிசிஸ் செய்து குளுக்கோஸை நீக்கிய சீரம் வாங்கிய பிறகே எண்கள் ஒழுங்குக்கு வந்தன.

2023 வேறு, லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் கருவியின் வெற்றிடம் ஒருமுறை போய்விட்டது. மறுபடி உறிஞ்சி நிலைப்பட ஓர் இரவு. அன்றிலிருந்து எல்லா மாதிரிகளிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்த ஒரு பொதுக்கலவையைச் சில மாதிரிகளுக்கு ஒருமுறை கருவியில் ஓட்டினேன். அதன் எண் ஆடினால் அந்த நாள் குப்பைக்குத்தான்.

கடைசியில் திரையில் லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் அமிலம், வந்தது. அதன் வழக்கமான எடை 89-க்குப் பக்கத்தில், மூன்று கனத்த கார்பனோடு 92 உயரமாக நின்றது. மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் சிட்ரேட்டில் 191-க்குப் பக்கத்தில், இரண்டு கனத்த கார்பனோடு 193-ம் இருந்தது, சின்னதாக. புற்றுநோய் செல்லின் மூச்சே பழுது என்று வார்பர்க் நம்பினார். ஆனால் செல்லின் மூச்சு நடக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யாமல் இந்த 193 வராது. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு முறை ஓட்டினேன், ஒரு கண் மின்வெட்டு அட்டவணையில்.