4.3 மைக்ரானில் ஒரு பள்ளம்

“இல்லை என்கிறீர்களா, தெரியவில்லை என்கிறீர்களா?” என்று அந்த ஆய்வு மாணவி கேட்டார். “இப்போதைக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தந்த நிறமாலையிலிருந்து எங்கள் கணக்கீட்டு மாதிரியைக் கழித்தபின் எஞ்சிய கோட்டில், 4.3 மைக்ரான் அருகே சிறு பள்ளம் விழுந்திருந்தது. பென்சில் முனையை அதன்மேல் வைத்துக்கொண்டே பேசினார். பாஸ்பரசும் ஹைட்ரஜனும் சேர்ந்த பாஸ்பீன் வாயு ஒளியை உறிஞ்சும் இடம் அது. வியாழனில் பாஸ்பீன் உண்டு. அடியாழத்துச் சூட்டில் உருவாகி மேலே ஏறி வருகிறது. பல வியாழன்களின் நிறையோடு ஒரு விண்மீனைச் சுற்றும், நாங்கள் ஆராய்ந்த துணைப்பொருளில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். கோட்பாடும் அவர் பக்கம்தான். ஆனால் கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்டவையான பழுப்புக் குறுமீன்களில், அதுவரை ஆராய்ந்தவற்றுள் பெரும்பாலானவற்றில் எதிர்பார்த்த அளவுக்கு அது கிடைத்ததில்லை.

நான் அடுக்கிய காரணங்கள் இன்றும் தவறாகத் தோன்றவில்லை. அதே இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் பலமாக உறிஞ்சுகிறது. மாதிரியில் அதைச் சற்றுக் கூட்டினாலே பள்ளம் பாதி தூர்ந்துவிடும். ஒளிப்புள்ளியின் நுணுக்கத்துக்கு அந்தக் கருவியின் பிக்சல்கள் போதாது. சில பிக்சல்களை மட்டும் சேர்த்து நிறமாலை எடுத்தால் இல்லாத அலைகள் எழும். 2020இல் வெள்ளிக் கோளில் பாஸ்பீன் என்று அறிவித்தபோது எழுந்த சர்ச்சையும் நினைவில் இருந்தது. பள்ளத்தைப் பற்றிய வரியை எங்கள் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். எடுத்துவிட்டார்.

இல்லை என்றால், அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எண்ணைத் தந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், பள்ளத்தை அப்படியே படத்தில் காட்டியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. தரவு பொதுவில்தானே இருக்கிறது, வேண்டியவர் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. கட்டுரை சொல்லாத ஒன்றைத் தேடி மூலத் தரவைத் தோண்டுபவர் எத்தனை பேர்?

2025 அக்டோபரில் உல்ஃப் 1130சி பற்றிய கட்டுரை வந்தது. ஒரு செங்குறுமீனும் வெண்குறுமீனும் சேர்ந்த இரட்டையைச் சுற்றும் பழுப்புக் குறுமீன் அது. அதில் பாஸ்பீன், கோடியில் ஒரு பங்கு, ஐயத்துக்கு இடமின்றி. கார்பன், ஆக்சிஜன் போன்ற கன தனிமங்கள் குறைந்த பொருள் என்பதால் அங்கே கார்பன் டை ஆக்சைடு குறுக்கே நிற்பதில்லை. எங்கள் பொருள் அப்படிப்பட்டதல்ல; ஆகவே நான் சொன்னது சரியாகவே இருக்கலாம். அந்தச் சமாதானம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நான் முடிவு செய்தபோது உல்ஃப் 1130சி பற்றி எதுவும் தெரியாதே.

மாணவி அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தார், ஒரு சொல்லும் எழுதாமல்.

அன்றிரவு பழைய கோப்பைத் திறந்தேன். தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி நகர்த்தி எடுத்த நான்கு பதிவுகளையும் முதன்முறையாகத் தனித்தனியே வரைந்தேன். இரண்டில் பள்ளம் தெளிவாக இருக்கிறது. மூன்றாவதில் இருப்பதாகவும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். நான்காவதில் அந்த இடத்துப் பிக்சலே பழுது. படத்தை அவருக்கு இன்னும் அனுப்பவில்லை.