மருத்துவ மேற்படிப்பை (பிஜி) எங்கே படிப்பது? ஒரு டியூட்டி டாக்டரின் நாட்குறிப்பு

21 செப்டம்பர் 2025, ஞாயிறு

நைட் டியூட்டி முடிந்து போனைப் பார்த்தால் குரூப் முழுக்க ஹெச்-1பி, அதாவது அமெரிக்க வேலை விசா பற்றிய புலம்பல். புதிய மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணமாம். பிஜி பயிற்சிக்கு வரும் ஒரு டாக்டருக்காக (ரெசிடெண்ட்) எந்த ஆஸ்பத்திரி அவ்வளவு கட்டும்? மிச்சம் பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசாதான். அதற்கு நம் சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அமெரிக்காவிலேயே டாக்டர் தட்டுப்பாடு உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். வரும் புதன்கிழமைதான் அங்கே ரெசிடெண்ட் இடங்களுக்கான விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கப்போகிறார்கள். நல்ல நேரம் பார்த்து அடித்தார்கள்!

8 அக்டோபர்

இங்கிலாந்தில் இருக்கும் சீனியர் அண்ணா பேசினார். "வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வுல ரெண்டு பார்ட்டும் பாஸ் பண்ணினா இங்க மருத்துவ கவுன்சில்ல (ஜிஎம்சி) பதிவு கிடைக்கும், அவ்வளவுதான். சீட்டும் வேலையும் தனிக்கதைடா." இந்த வருடம் சுமார் 10,000 பயிற்சி இடங்களுக்கு 30,000க்கு மேற்பட்டவர்கள் மோதியிருக்கிறார்கள். உள்ளூரில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று ஜூலையில் அரசும் சொல்லிவிட்டது. நம் கோச்சிங் விளம்பரங்களில் மட்டும் இதெல்லாம் வருவதே இல்லை.

9 நவம்பர்

ஜெர்மனியில் அமெரிக்கா மாதிரி மேட்ச் (கணினி வழியே இடம் ஒதுக்குவது), நம் ஊர் மாதிரி ரேங்க் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நேராக விண்ணப்பித்து, அசிஸ்டென்ட் டாக்டராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஐந்தாறு வருடத்தில் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். மலை மாதிரி நிற்பது மொழிதான். ஜெர்மனில் பி2 (மேல் இடைநிலை) முடித்து, அதற்கும் மேலான சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு எழுத வேண்டும். 20 நிமிடம் நோயாளியிடம் நோய் விவரம் (ஹிஸ்டரி) கேட்பது, 20 நிமிடத்தில் அதைக் கடிதமாக எழுதுவது, 20 நிமிடம் இன்னொரு டாக்டரிடம் கேஸ் ப்ரசென்டேஷன். நம் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமமில்லை என்று முடிவானால் மெடிசின், சர்ஜரியில் வாய்மொழித் தேர்வும் உண்டு. அது பரவாயில்லை, ஃபைனல் இயரில் வாங்காத திட்டா!

அங்கே இருக்கும் அக்கா வீடியோ காலில் நோயாளியாக நடித்தார். வயிற்றுவலி கேஸ். எங்கே வலி, எப்போதிலிருந்து என்பதுவரை சமாளித்தேன். அலர்ஜி உண்டா என்று கேட்டதும் மாமியார் கதையை ஆரம்பித்துவிட்டார். இடைமறிக்கவும் ஜெர்மன் வேண்டுமே! "இங்க பேஷண்ட்ஸ் இப்படித்தான் பேசுவாங்க" என்று சிரிக்கிறார்.

23 நவம்பர்

பி2-வுக்கு முந்தைய படியான ஜெர்மன் பி1 வகுப்புக்குப் பணம் கட்டியாயிற்று. "சரி, எதுக்கும் நீட் பிஜியும் எழுதிடு" என்கிறார் அப்பா. சேர்த்துப் படிக்க நேரமில்லை என்றேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா சமாதானப்படுத்துவார். வகுப்பு மாலை 6 மணிக்கு. டியூட்டியை மாற்றித் தரச் சொல்லி நாளைக்குக் கேட்க வேண்டும்.